கேஷ் நினைவகத்தை நீங்களே அளந்து பார்ப்பது எப்படி: கொப்பியில் தொடங்கி நாலு கோர் வரை

உயர்தரத்தில் ஐசிடி படித்தவர்களுக்குப் பதுக்கு நினைவகம், அதாவது கேஷ், என்ற பெயர் புதிதில்லை. புரொசசருக்கும் ரேமுக்கும் நடுவில் இருக்கும், சின்னது, வேகமானது, விலை கூடியது. பாஸ்ட் பேப்பரில் அதுக்கு மேல் கேட்கவும் மாட்டார்கள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் கம்பஸுக்கு வந்த பிறகோ, கிளிநொச்சியில் பொறியியல் பீடத்துக்குப் போன பிறகோதான் அதே சாமான் முழு அத்தியாயமாக வந்து நிற்கும். மேப்பிங், ரீபிளேஸ்மென்ட், கோஹிரன்ஸ் என்று சொற்கள் வரிசையாக வரும், சூத்திரத்தில் எண்ணைப் போட்டு விடை எடுத்துவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுவோம். கையில் இருக்கும் பழைய லப்டொப்பிலேயே கேஷை நேரே அளந்து பார்க்க விரும்புகிறவர்களுக்குத்தான் இந்த வழிகாட்டி. கொஞ்சம் சி மொழி தெரிந்தால் போதும்.

ஒரே ஒரு ஒழுங்கை மட்டும் கடைசிவரை விடாமல் பிடியுங்கள்: எதையும் ஓட்டுவதற்கு முன், என்ன எண் வரும் என்று கொப்பியில் எழுதி வையுங்கள். எழுதாமல் ஓட்டினால் திரையில் எந்த எண் வந்தாலும் "ஓம், சரிதான்" என்று தோன்றும். பிறகு ஒரு தடவைக்கு ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுங்கள். பிளாக் (கேஷ் ஒரே தடவையில் கொண்டுவரும் தரவுத் துண்டு) அளவையும் செட் எண்ணிக்கையையும் ஒன்றாக மாற்றினால் எதனால் மிஸ் (கேட்டது கேஷில் இல்லாமல் போவது) குறைந்தது என்று யாருக்கும் சொல்ல முடியாது.

(கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன், டெர்மினலில் வழமைபோல ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள்.)

முதலில் கொப்பியும் பென்சிலும்

சிரிக்காதீர்கள், இதைத் தாண்டிப் போனவர்கள்தான் பிறகு சிமுலேட்டர் முன்னால் இருந்து முழிப்பது.

மிகச் சின்ன கேஷ் ஒன்றை எடுப்போம். ஒரு பிளாக் 16 பைட், மொத்தம் 4 பிளாக், ஆக 64 பைட். டைரெக்ட் மேப்பிங், அதாவது ஒவ்வொரு பிளாக்குக்கும் கேஷில் ஒரே ஒரு இடம்தான். புரொசசர் கேட்கும் முகவரிகள் வரிசையாக 0, 4, 64, 8, 68, 16. முகவரியை 16ஆல் வகுத்தால் பிளாக் எண் கிடைக்கும்: 0, 0, 4, 0, 4, 1. அதை 4ஆல் வகுத்து மீதியை எடுத்தால் கேஷில் எந்த இடம் என்று தெரியும்: 0, 0, 0, 0, 0, 1.

இனி ஓட்டிப் பாருங்கள். 0 கேட்டால் மிஸ். 4 அதே பிளாக்கில் இருக்கிறது, ஹிட். 64 வந்து பிளாக் 0ஐத் தள்ளிவிட்டு அதே இடத்தில் உட்காரும், மிஸ். 8 கேட்கும்போது பிளாக் 0 அங்கே இல்லை, மிஸ். 68க்கும் அதே கதை, மிஸ். 16 புதிது, மிஸ். ஆறில் ஐந்து மிஸ். இவ்வளவுக்கும் கேஷில் இரண்டு இடம் கடைசிவரை வெறுமையாகவே கிடந்தது.

இப்போது அளவை மாற்றாமல் அதையே டூ-வே செட் அசோசியேட்டிவ் ஆக்குங்கள். இரண்டு செட், ஒவ்வொன்றிலும் இரண்டு இடம். பிளாக் 0உம் பிளாக் 4உம் ஒரே செட்டுக்குத்தான் வரும், ஆனால் இந்த முறை இரண்டுக்கும் இடம் உண்டு. எண்ணிப் பார்த்தால் மூன்று மிஸ், மூன்று ஹிட். அந்த மூன்று மிஸ்ஸும் பிளாக் 0, 4, 1 என்பன முதன்முதலாக வருவதால் ஏற்படுவது, அதை எந்தக் கேஷாலும் தவிர்க்க முடியாது. அதுதான் கம்பல்சரி மிஸ். டைரெக்ட் மேப்பிங்கில் கூடுதலாக வந்த இரண்டும் கான்ஃப்ளிக்ட் மிஸ். இடமே பற்றாமல் வருவது கபாசிட்டி மிஸ். மார்க் ஹில் என்பவர் 1980களில் பிரித்து வைத்த இந்த மூன்று வகையையும் மனனம் செய்யத் தேவையில்லை, மேலே உள்ள கணக்கை ஒரு தடவை கையால் செய்தால் தானாக விளங்கும்.

மிஸ் வீதம் ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கும் ஒரு சின்னக் கணக்கு. ஹிட் ஆனால் 1 சைக்கிள் (புரொசசர் கடிகாரத்தின் ஒரு துடிப்பு), மிஸ் ஆனால் மேலதிகமாக 100 சைக்கிள் என்று வையுங்கள். மிஸ் வீதம் 5 சதவீதம் என்றால் சராசரி 1 + 0.05 × 100, அதாவது 6 சைக்கிள். 2 சதவீதம் என்றால் 3. ஹிட் வீதம் 95இலிருந்து 98க்குப் போனது பார்வைக்குச் சின்ன மாற்றம், நேரமோ பாதியாகி விட்டது. அதனால் எப்போதும் ஹிட்டை விட்டுவிட்டு மிஸ்ஸைப் பாருங்கள்.

அடுத்தது சிமுலேட்டர்

நேரே உண்மையான மெஷினுக்குப் போகாமல் சிமுலேட்டருக்கு ஏன் போகிறோம்? உண்மையான புரொசசர் நீங்கள் கேட்காமலேயே அடுத்த பிளாக்குகளை முன்கூட்டி இழுத்து வைக்கும், அதற்குப் பெயர் ப்ரீஃபெட்ச். பின்னால் வேறு புரோகிராம்களும் ஓடிக்கொண்டிருக்கும். சிமுலேட்டரில் இந்தக் குழப்பம் எதுவும் கிடையாது, கொப்பியில் வந்த எண்ணும் அதில் வரும் எண்ணும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும்.

பாடத்துக்கென்றே செய்தவற்றில் இரண்டைச் சொல்கிறேன். டினீரோ ஃபோர், லினக்ஸில் ஓடும், ஒரு புரொசசருக்கு மட்டும். எஸ்எம்பிகேஷ், ஸ்பெயினில் எக்ஸ்ட்ரீமதுரா பல்கலைக்கழகத்தில் செய்தது, வின்டோசில் ஓடும், பல புரொசசர்களை ஒரே பஸ்ஸில் (எல்லோரும் பகிரும் தரவுப் பாதை) வைத்துப் பார்க்கலாம், எம்எஸ்ஐ, மெசி, டிராகன் என்ற மூன்று கோஹிரன்ஸ் முறைகளையும் (கடைசிப் பகுதியில் விளக்குகிறேன்) மாற்றி மாற்றி ஓட்டலாம். இரண்டுமே ட்ரேஸ் கோப்பை வாசித்துத்தான் வேலை செய்யும். ட்ரேஸ் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, வரிக்கு ஒரு இலக்கமும் ஒரு முகவரியும், முகவரி பதினறும எண்ணில்.

இங்கேதான் புதியவர்கள் எல்லோருக்கும் ஒரு இடறல் வரும். டினீரோவில் 0 என்றால் தரவு வாசிப்பு, 1 எழுதுவது, 2 கட்டளை எடுப்பது. எஸ்எம்பிகேஷில் 0 கட்டளை எடுப்பது, 2 வாசிப்பு, 3 எழுதுவது. ஒன்றுக்குச் செய்த ட்ரேஸை மற்றதில் போட்டால் உங்கள் வாசிப்பெல்லாம் கட்டளையாக மாறிவிடும், எண்ணும் ஏதோ வரும். பதினறும எண்ணையும் மறக்கக் கூடாது: மேலே கொப்பியில் எழுதிய 64 ட்ரேஸில் 40, 68 என்பது 44, 16 என்பது 10.

அந்த ஆறு வரியையும் டினீரோவில் ஓட்டி 5 மிஸ் வருகிறதா, டூ-வே ஆக்கினால் 3 வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் மேலே போகாதீர்கள். வந்துவிட்டால் ஒரு பெரிய ட்ரேஸை எடுத்து, மொத்த அளவை அப்படியே வைத்துக்கொண்டு பிளாக் அளவை மட்டும் 16, 32, 64, 128, 256 என்று கூட்டிக்கொண்டு போய் கிராஃப் கீறுங்கள். மிஸ் வீதம் முதலில் இறங்கும், ஏனென்றால் பக்கத்தில் உள்ள தரவும் சேர்ந்து வந்துவிடுகிறது. பிறகு ஒரு கட்டத்தில் மேலே ஏறத் தொடங்கும், பிளாக் பெரிதாகப் பெரிதாகக் கேஷில் இருக்கும் பிளாக்குகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டு போவதால். எந்த அளவில் வளைகிறது என்பதை முன்கூட்டி ஊகித்து எழுதுங்கள், பிழைத்தாலும் பரவாயில்லை.

உங்கள் லப்டொப்புக்குள் என்ன இருக்கிறது

லினக்ஸில் எல்எஸ்சிபியூ என்று அடியுங்கள். எல்1டி (முதல் மட்டத் தரவுக் கேஷ்), எல்2, எல்3 என்று அளவுகள் வரும். அங்கே வருவது பல கோர்களின் (புரொசசருக்குள் தனித்தனியே வேலை செய்யும் பகுதிகள்) மொத்தமாக இருக்கலாம், பக்கத்தில் போட்டிருக்கும் எண்ணிக்கையால் வகுத்துக் கொள்ளுங்கள். இன்டெல், ஏஎம்டி லப்டொப்புகளில் ஒரு கோருக்கு எல்1 தரவுக் கேஷ் பெரும்பாலும் 32 அல்லது 48 கிலோபைட், ஒரு லைன் (பிளாக்குக்கு இன்னொரு பெயர்) 64 பைட். 1968இல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 மொடல் 85இன் கேஷ் 16 கிலோபைட்டில் தொடங்கியது. அரை நூற்றாண்டு தாண்டியும் முதல் மட்டக் கேஷ் சில மடங்குக்கு மேல் வளரவில்லை, பெரிதாக்கினால் வேகம் போய்விடும், அதுதான் காரணம். அதனால்தான் எல்2, எல்3 என்று அடுக்கிக்கொண்டு போனார்கள்.

இனி எனக்கு மிகப் பிடித்த பரிசோதனை. 256 வரிசை, ஒவ்வொரு வரிசையிலும் 1024 முழு எண், இப்படி ஒரு இரு பரிமாண அரே. ஒரு எண் 4 பைட், எல்லாம் சேர்ந்து 1 மெகாபைட். எல்லா எண்களையும் கூட்டும் லூப்பை இரண்டு விதமாக எழுதுங்கள், ஒன்று வரிசை வரிசையாக, மற்றது நிரல் நிரலாக. பிறகு வல்கிரைண்ட் என்ற புரோகிராம் ஆய்வுத் தொகுப்பின் கேஷ்கிரைண்ட் கருவியில் ஓட்டுங்கள். புதிய பதிப்புகளில் கேஷ் சிமுலேஷன் தானாக ஓடாது, கேஷ்-சிம் என்ற தெரிவை யெஸ் என்று கொடுக்க வேண்டும்.

ஓட்டுவதற்கு முன் கணக்கு. வரிசையாகப் போனால் ஒரு லைனில் 16 எண், 16க்கு ஒரு மிஸ், 2,62,144 எண்ணுக்கு 16,384 மிஸ். நிரலாகப் போனால்? ஒவ்வொரு அடியும் 4096 பைட் தாண்டிப் பாய்கிறோம். 32 கிலோபைட், 8-வே கேஷில் 64 செட். 64 செட்டை 64 பைட்டால் பெருக்கினால் சரியாக 4096. அதாவது நிரலில் கீழே கீழே போகும் அத்தனை எண்ணும் ஒரே செட்டுக்குள் போய் விழும், அங்கே இருப்பது எட்டே இடம். 256 பேர் எட்டு இடத்துக்கு அடிபட்டால் யாரும் நிலைக்க மாட்டார்கள், 2,62,144க்கு 2,62,144உம் மிஸ். உங்களுடையது 48 கிலோபைட், 12-வே என்றாலும் செட் அதே 64தான், முடிவும் அதேதான்.

இப்போது லூப்பைத் தொடாமல், அரேயின் வரிசை நீளத்தை மட்டும் 1024இலிருந்து 1040 ஆக்குங்கள், கூடுதலான 16 எண்ணையும் பாவிக்கவே வேண்டாம். ஒவ்வொரு வரிசையும் ஒரு செட் தள்ளித் தள்ளி விழும், 256 லைனும் 64 செட்டில் நாலு நாலாகப் பிரிந்து உட்காரும். நிரலாகப் போனாலும் மிஸ் கிட்டத்தட்ட 16,384க்கு இறங்கிவிடும். நினைவகத்தை வீணாக்கி மிஸ்ஸைக் குறைத்திருக்கிறோம். கொப்பியில் ஆறு முகவரியோடு பார்த்த கான்ஃப்ளிக்ட் மிஸ்தான் இது, உடம்பு மட்டும் பெருத்திருக்கிறது.

இந்த இடத்தில் கவனிக்க வேண்டியவை சில. ஆப்டிமைசேஷன் இல்லாமல் கம்பைல் செய்தால் லூப்பின் எண்ணிகளும் நினைவகத்திலிருந்தே வாசிக்கப்படும், அவை எல்லாம் ஹிட், அதனால் மிஸ் வீதம் பொய்யாகக் குறைந்து தெரியும். வீதத்தை விட்டுவிட்டு மிஸ் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். ஆப்டிமைசேஷன் மட்டத்தை ஓ3 என்று கொடுத்தால் ஜிசிசி கம்பைலர் உங்கள் லூப்பையே இடம் மாற்றி எழுதிவிடக் கூடும், ஓ1 போதும். கூட்டுத்தொகையைக் கடைசியில் அச்சிடுங்கள், அச்சிடாவிட்டால் யாருக்கும் தேவையில்லாத லூப் என்று கம்பைலர் தூக்கி எறிந்துவிடும். அரேயை நிரப்பும்போது வரும் மிஸ் எழுதும் பக்கத்தில் தனியாகக் காட்டப்படும், அதைக் கூட்டாதீர்கள்.

உண்மையான நேரத்தை அளக்க விரும்பினால் அரேயை 4096க்கு 4096 என்று பெருப்பியுங்கள், 64 மெகாபைட் வரும். ஆனால் வாசிப்பதற்கு முன் கட்டாயம் ஏதாவது எழுதி நிரப்புங்கள். எழுதாத பக்கங்களை (லினக்ஸ் நினைவகத்தைப் பிரித்துக் கொடுக்கும் துண்டுகள்) வாசித்தால் லினக்ஸ் எல்லாவற்றுக்கும் ஒரே பூச்சியப் பக்கத்தைத்தான் காட்டும், முழு அரேயும் எல்1க்குள் இருப்பது போல எண் வரும், நீங்கள் புதிதாக ஏதோ கண்டுபிடித்துவிட்டதாக நினைப்பீர்கள். இன்னொன்று, நிரலாகப் போகும்போது மெதுவாவதற்குக் கேஷ் மட்டும் காரணமில்லை, ஒவ்வொரு அடியிலும் வேறு பக்கம் என்பதால் டிஎல்பியும் (பக்க முகவரிகளை நினைவில் வைத்திருக்கும் சின்னக் கேஷ்) தோற்கிறது. அறிக்கையில் எல்லாப் பழியையும் கேஷின் தலையில் போடாதீர்கள்.

கேஷின் மட்டங்களைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் பொயின்டர் சேஸிங். அரேயின் ஒவ்வொரு இடத்திலும் அடுத்து எங்கே போக வேண்டும் என்ற எண்ணை எழுதி, அதைப் பிடித்துக்கொண்டே ஓடுவது. வரிசை தாறுமாறாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ப்ரீஃபெட்ச் கண்டுபிடித்துவிடும். சாதாரணமாகக் கலக்கினால் சின்னச் சின்ன வட்டங்கள் உருவாகி அதுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பீர்கள், சட்டோலோவின் முறைப்படி கலக்கினால் ஒரே பெரிய வட்டம் கிடைக்கும். அரே அளவை 4 கிலோபைட்டிலிருந்து 64 மெகாபைட் வரை இரட்டித்துக்கொண்டே போய், ஒரு தாவலுக்கு எத்தனை நானோசெக்கன் என்று கீறினால் படிக்கட்டு மாதிரி வரும். எல்1இல் நாலைந்து சைக்கிள், எல்2இல் பத்துப் பதினைந்து, எல்3இல் நாற்பதும் அதற்கு மேலும், ரேமுக்குப் போனால் 60 முதல் 100 நானோசெக்கன் வரை என்பது வழமையான அளவு. படியின் விளிம்பு கூராக இராது, சரிவாக இருக்கும், அது சரிதான்.

நேரம் அளக்கும்போது லப்டொப்பைக் கரண்டில் போட்டே ஓட்டுங்கள். பற்றரியில் ஓடும்போது வேகத்தைக் குறைத்துவிடும். சித்திரை, வைகாசி வெயிலில் மத்தியானம் அளந்த எண்ணும் விடியக் காலையில் அளந்த எண்ணும் ஒன்றாக இருக்காது, சூடேறினால் புரொசசர் தன் வேகத்தைத் தானே குறைக்கும். பல தடவை ஓட்டி நடு எண்ணை எடுங்கள். நடுவில் கரண்ட் போனால் அந்தச் சுற்றை எறிந்துவிடுங்கள்.

ஒன்றுக்கு மேற்பட்ட கோர் வந்தால்

இதுவரை ஒரு ஆள் விளையாட்டு. இனிக் கேள்வியே வேறு: ஒரே முகவரியின் பிரதி இரண்டு கேஷில் இருந்து, ஒருவர் எழுதினால் மற்றவர் கையில் இருப்பது பழையதாகிவிடுமே? அதைச் சமாளிக்கும் விதிகள்தான் கோஹிரன்ஸ் முறை. மெசி என்பது 1984இல் இலினோய் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது, ஒவ்வொரு லைனும் மொடிஃபைட், எக்ஸ்குளூசிவ், ஷெயார்ட், இன்வலிட் என்ற நாலு நிலைகளில் ஒன்றில் இருக்கும். எம்எஸ்ஐயில் எக்ஸ்குளூசிவ் இல்லை.

மறுபடி கொப்பி. முதல் கோர் வாசிக்கிறது, அதுவே எழுதுகிறது, இரண்டாவது வாசிக்கிறது, எழுதுகிறது, முதல் கோர் திரும்ப வாசிக்கிறது. எம்எஸ்ஐயில் ஐந்துக்கும் ஐந்து தடவை பஸ்ஸில் குரல் கொடுக்க வேண்டும். மெசியில் முதல் கோர் வாசித்தபோதே வேறு யாரிடமும் இல்லை என்று தெரிந்து எக்ஸ்குளூசிவ் ஆகிவிட்டது, ஆகவே அடுத்து எழுதும்போது சத்தமில்லாமல் மொடிஃபைட் ஆகலாம். பஸ் வேலை நாலு. மிஸ் எண்ணிக்கை இரண்டிலும் மூன்றுதான். அதனால் பல புரொசசர் பரிசோதனையில் மிஸ்ஸை மட்டும் பார்த்தால் போதாது, பஸ் போக்குவரத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். கடைசி வாசிப்பில் வந்த மிஸ்ஸை மேலே சொன்ன மூன்று வகையிலும் அடக்க முடியாது, இது கோஹிரன்ஸ் மிஸ், கேஷை எவ்வளவு பெரிதாக்கினாலும் போகாது.

எஸ்எம்பிகேஷுக்கான ட்ரேஸ்களில் எஃப்எஃப்டி, சிம்பிள், ஸ்பீச், வெதர் என்று பல புரொசசருக்கானவை உண்டு. ஒன்றை எடுத்து 1, 2, 4, 8 புரொசசர் என்று கூட்டிப் பாருங்கள், பிறகு கேஷ் அளவைக் கூட்டிப் பாருங்கள், பிறகு பிளாக் அளவை. தனி ஆளுக்கு நன்மை செய்த பெரிய பிளாக் இங்கே எங்கே உதைக்கிறது என்று தேடுங்கள்.

அந்த உதையை லப்டொப்பிலேயே காட்டலாம், பெயர் ஃபோல்ஸ் ஷெயரிங். இரண்டு திரெட் (ஒரே புரோகிராமில் ஒரே நேரத்தில் ஓடும் கிளைகள்), ஆளுக்கொரு எண்ணி, ஒவ்வொன்றும் தன் எண்ணியை மட்டும் பத்துக் கோடி தடவை கூட்டும். பகிர்வதற்கு ஒன்றுமே இல்லை. ஆனால் இரண்டு எண்ணியும் ஸ்ட்ரக்டில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் ஒரே 64 பைட் லைனுக்குள் வந்துவிடும். பங்குக் கிணற்றுக் கதைதான்: அவருடைய வெங்காயம் வேறு, இவருடைய புகையிலை வேறு, ஆனால் கிணறு ஒன்று, ஒருவர் இறைக்கும்போது மற்றவர் நிற்க வேண்டும். லைன் ஒரு கோரிலிருந்து மற்றதுக்கு மாறி மாறி ஓடும். நடுவில் 128 பைட் வெற்றிடம் விட்டு எழுதி இரண்டு நேரத்தையும் ஒப்பிடுங்கள். 64 போதாதா என்றால் போதும், ஆனால் சில புரொசசர்கள் லைன்களைச் சோடியாக இழுக்கும், ஆப்பிள் எம்1இல் லைனே 128 பைட், அதனால் 128 விடுவது பாதுகாப்பு.

வித்தியாசம் பல மடங்காகத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் இரண்டு இடத்தைப் பாருங்கள். எண்ணியை வொலட்டைல் என்று குறிக்காவிட்டால் கம்பைலர் பத்துக் கோடி கூட்டலையும் ஒரே கூட்டலாகச் சுருக்கியிருக்கும், நேரம் பூச்சியத்துக்குக் கிட்ட வரும். அப்படியில்லை என்றால் இரண்டு திரெட்டும் ஒரே கோரின் இரண்டு ஹைப்பர்திரெட்டில் ஓடியிருக்கலாம், அவற்றுக்கு எல்1 ஒன்றுதான், சண்டையே வராது. எல்எஸ்சிபியூவுக்குப் பின்னால் மைனஸ் ஈ போட்டால் எந்த சிபியூ எண் எந்தக் கோருக்கு உரியது என்று வரும். இரண்டு வேறு கோர்களைத் தெரிந்து டாஸ்க்செட் கட்டளையால் அந்த இரண்டிலும் மட்டும் ஓடும்படி கட்டிவிடுங்கள். பிறகு திரெட்டை நாலாக்கினால், ஒட்டி எழுதிய பதிப்பில் நாலு பேர் சேர்ந்து செய்வது ஒருவர் தனியே செய்ததைவிட மெதுவாகக் கூடப் போகலாம்.

எந்த லைனில் அடிபிடி என்று தேட லினக்ஸின் பெர்ஃப் என்ற அளவீட்டுக் கருவியில் சி2சி என்ற உபகட்டளை இருக்கிறது, 2017இல் வந்த லினக்ஸ் 4.10இலிருந்து கிடைக்கிறது. வின்டோசுக்குள் வேர்ச்சுவல் மெஷினில் லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்குப் பெர்ஃப் பெரும்பாலும் எண் காட்டாது, புரொசசரின் கவுண்டர்கள் உள்ளே எட்டுவதில்லை. லினக்ஸை யூஎஸ்பி பென்னிலிருந்து நேரே பூட் செய்து ஓட்டுங்கள், ஹார்ட் டிஸ்கைத் தொட வேண்டியதில்லை.